மூச்சைப் பார்ப்பதா, ‘சாரமில்ல’ என்று சொல்லிக்கொள்வதா?

சென்ற ஆடியில் ஒரு மத்தியானம். நான் கணக்கு எழுதும் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி, சாப்பாட்டுத் தூக்குடன் என் மேசையருகே வந்து உட்கார்ந்தாள். “அக்கா, செங்கன்னூர்ப் பக்கம் பத்து நாள் பேசாமல் உட்கார்ந்து தியானம் செய்யச் சொல்லித்தருகிறார்களாம். போகட்டுமா? இல்லை, டாக்டரைப் பார்க்கட்டுமா? போனில் மூச்சுத் தியானம் போட்டுக் கேட்டால் படபடப்பு கூடத்தான் செய்கிறது” என்றாள். விடியற்காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு வருகிறவள். 26 வயது. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை.

வேலைக்கு மணி அடிப்பதற்குள் அவளுக்குச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி எனக்கும் வந்து, அதில் இரண்டு வருடம் தவறான பக்கமாக நடந்து திரும்பியவள் நான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சீசனில் இரண்டு விவசாயிகளின் மூட்டை எடையை ஒருவருடையதை மற்றவர் கணக்கில் மாற்றி எழுதிவிட்டேன். மறுநாளே கண்டுபிடித்தோம், பணமும் நேரானது, இருவரும் சிரித்துக்கொண்டு போனார்கள். என்னுள் மட்டும் அது முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். ‘உன்னை நம்பி மூட்டையைக் கொடுத்தார்களே’ என்று ஒரு குரல் ஆரம்பிக்கும். அந்த எடைப் பிழையிலிருந்து என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை இழுத்துக் கொண்டுவரும். நான் குடியிருப்பது வண்டிப்பெரியாரில், முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே ஆற்றோரம். மழைக்காலத்தில் 136 அடி, 138 அடி என்று நீர்மட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் இங்கே படுப்போம். மலைக்கு அந்தப் பக்கம் கூடலூரில் இருக்கும் என் அண்ணனுக்கு அதே எண், வயலுக்குத் தண்ணீர் உண்டா என்ற கணக்கு. அந்த அணைப் பயத்தை நான் தாங்கிக்கொண்டேன். அது ஊருக்கே பொதுவானது. எடைப் பிழையின் பயம் எனக்கு மட்டும் என்று நினைத்தேன். அதுதான் என்னை உடைத்தது.

தியானங்களை ஒப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நான் அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன், நீங்கள் தள்ளிப்போட வேண்டாம். நெஞ்சு படபடப்பதெல்லாம் மனதிலிருந்தே வருவதில்லை. தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்தால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் கெடும். ரத்தசோகை இருந்தாலும் மாடி ஏறும்போது நெஞ்சு தடதடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்துவிடும். அப்புறம் தேநீர். மலையில் குளிருக்கு நாளெல்லாம் கட்டன் சாயா குடிப்போம். நான் ஆறு குவளை குடித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குப் பிறகு நிறுத்தியதில் தூக்கம் கொஞ்சம் திரும்பியது. இதற்குத் தியானமே தேவைப்படவில்லை.

இனி மருந்தா தியானமா என்ற கேள்வி. அமெரிக்காவில் பதற்ற நோய் உறுதியான 276 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2022-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை. இன்னொரு குழுவுக்கு எட்டு வாரத் தியான வகுப்பு. எட்டு வாரம் முடிந்தபோது இரு குழுவிலும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 78 பேருக்கு ஏதாவது ஒரு பக்க விளைவு வந்தது, தியானக் குழுவில் நூற்றுக்கு 15 பேருக்கு. இந்தச் செய்தியைப் பார்த்ததும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல வாரம் எடுத்துவந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம், பதற்றமும் திரும்பலாம். எழுதிக்கொடுத்த டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த வகுப்பும் நாம் போனில் கேட்கும் ஐந்து நிமிட ஒலிப்பதிவு போன்றதல்ல. வாரம் இரண்டரை மணி நேரம் ஆசிரியருடன், தினமும் வீட்டில் 45 நிமிடம், இடையில் ஒரு முழுநாள். ஜான் கபாட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவப் பள்ளியில் தொடங்கிய முறை அது. அத்தனை உழைப்புக்குக் கிடைத்த பலன் அது.

வேலைக்குப் போக முடியவில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. டாக்டர்தான் முதலில். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு 1056 உண்டு. மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆஸ்வாசம்’ என்ற திட்டமும் இங்குள்ள குடும்ப ஆரோக்கிய மையங்களில் நடக்கிறது. மாத்திரை எடுத்துக்கொண்டே தியானம் பழகுவதில் குறை எதுவும் இல்லை. காலில் கட்டுப் போட்டிருப்பவர் கைத்தடியும் வைத்துக்கொள்வதில்லையா?

அந்தக் கட்டத்தில் இல்லாதவர்களுக்கு, என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளே கரைகிறவர்களுக்கு, நான்கு வழிகள் கண்முன் இருக்கின்றன. வீட்டிலேயே மூச்சைக் கவனிப்பது. பத்து நாள் பேசாமல் உட்காரும் விபாசனா தியானம். எட்டு வார வகுப்பு. மைண்ட்ஃபுல்னஸோடு, அதாவது இந்த நொடியில் நடப்பதை உள்ளபடி கவனிப்பதோடு, தன்மேல் பரிவையும் சேர்த்துப் பழகுவது. எதற்குப் பலன் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இருக்கிறது. 47 ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் வெளியான ஓர் அலசல், மைண்ட்ஃபுல்னஸ் தியானம் பதற்றத்தைச் சிறிதளவிலிருந்து மிதமான அளவு வரை குறைக்கிறது என்று சொன்னது. அந்த மிதத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் ஏமாற்றம் வராது. எனக்கு எது முதலில் என்பதுதான் கேள்வி. நான் தடுமாறியதும் அங்கேதான்.

எல்லாரும் தொடங்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன். முதுகை நேராக வைத்து, கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தேன். எண்ணம் ஓடினால் திரும்பவும் மூச்சு. காசில்லை, யாரும் வேண்டாம், எங்கும் போக வேண்டாம். என் தங்கை இதை ஒரு மாதம் செய்து நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். அவள் மனம் சந்தைக்கடை மாதிரி. பாட்டு ஓடும், நாளைய குழம்பு ஓடும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஓடும். மூச்சில் உட்கார்ந்தால் சந்தை மெல்லக் கலையும்.

என் மனம் சந்தை இல்லை, விசாரணைக் கூடம். கண்ணை மூடியதும் அந்தக் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. எண்ணம் ஓடியபோதெல்லாம் ‘மூச்சைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை’ என்று தியானமே அடுத்த குற்றச்சாட்டாக மாறியது. நான் விடவில்லை, நேரத்தைக் கூட்டினேன். பத்து நிமிடம் இருபதானது, இருபது நாற்பதானது. திட்டுகிறவரோடு ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது. கவனம் ஒரு விளக்கு. அறையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும்.

இன்னொரு வகையினரும் உண்டு. பயம் மூச்சிலேயே குடியிருப்பவர்கள். திடீரென்று மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று ஒருமுறை பயந்தவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே அந்த நாளைத் திரும்பக் கூப்பிடுவது போல. அந்தத் தரம் பிரிக்கும் பெண்ணுக்குப் போனில் கேட்டபோது படபடப்பு கூடியதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று நினைத்தேன். இவர்கள் மூச்சை விட்டுவிட்டு உள்ளங்காலைக் கவனிக்கலாம். தரையின் குளிர்ச்சி, குதிகாலின் அழுத்தம், தகரக் கூரையில் மழைச் சத்தம். மைண்ட்ஃபுல்னஸுக்கு மூச்சுதான் வேண்டும் என்று சட்டமில்லை.

நான்காவது வழிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அதை ‘செல்ஃப் கம்பாஷன்’ என்கிறார்கள். அதற்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடியபோதே எனக்குச் சிக்கல் வந்தது. கழிவிரக்கம் என்றால் கழிந்ததை எண்ணி எண்ணி வருந்துவது. சுயபச்சாதாபம் என்றால் எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று மூலையில் உட்காருவது. இரண்டையுமே நம் ஊரில் குறையாகத்தான் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். தன்பரிவு என்று நான் வைத்துக்கொண்டேன். கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-இல் இதற்கு மூன்று அங்கங்களைச் சொன்னார். வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி பார்ப்பது ஒன்று. இது மனிதருக்கெல்லாம் வருவது என்று நினைவில் கொள்வது இரண்டு. கஷ்டத்தில் இருக்கும் தோழியிடம் பேசும் கனிவோடு தன்னிடமும் பேசுவது மூன்று. முதல் அங்கம்தான் மைண்ட்ஃபுல்னஸ். மூச்சுத் தியானம் எனக்குத் தந்தது அதை மட்டும்தான். மற்ற இரண்டும் இல்லாததால்தான் விளக்கு என்னைச் சுட்டது.

இரண்டாவது அங்கம் எனக்குப் படிப்பில் விளங்கவில்லை. ஓர் ஐப்பசி இரவில் விளங்கியது. கனமழை. விழித்து வாசலில் வந்து நின்றேன். எதிர்ச்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயங்கள். இரண்டு மணிக்கு அங்கே வரிசையில் ஏழெட்டு வீடுகளில் வெளிச்சம் தெரிந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு பெருமழை என்றால் இங்கே பலர் தூங்குவதில்லை. வெள்ளத்துக்குப் பயந்தவர் சிலர், காய்ச்சல் குழந்தையோடு சிலர், கடனை நினைத்து விழித்திருப்பவர் சிலர் இருந்திருப்பார்கள். என்னைப் போல ஏதோ ஒரு பழைய பிழையை எண்ணிக்கொண்டு யாராவது இருந்திருக்க மாட்டார்களா? நெஞ்சு அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தனியாக அடித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து என் பயிற்சியில் அந்த வெளிச்சங்கள் இருக்கின்றன. ‘துன்பம் மானுடப் பொது’ என்று சொல்லிப் பார்ப்பேன், ஒட்டாது. லயத்து வெளிச்சத்தை நினைத்தால் உடனே தோள் இறங்கும்.

மூன்றாவது அங்கம், கனிவுச் சொல். மொழிபெயர்த்த தியான ஒலிப்பதிவுகளில் ‘நான் என்மீது அன்பு கொள்வேனாக’ என்று வரும். எனக்கு அது வழிபாட்டுக் கூடத்தில் யாரோ வாசிப்பது போல இருந்தது. எனக்கான சொல் பக்கத்து வீட்டுச் சேச்சியிடமிருந்து வந்தது. எது உடைந்தாலும், எது சிந்தினாலும், யார் தாமதமாக வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: ‘சாரமில்ல.’ தமிழில் அதே சொல்லுக்குச் சத்தில்லை என்று பொருள். மலையாளத்தில் பரவாயில்லை, பெரிய விஷயமில்லை, விடு என்று பொருள். எல்லையில் வளர்ந்தவளுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. நான் பெரிதாக நினைக்கும் இந்தப் பிழையில் அவ்வளவு சாரம் இல்லை. சேச்சியின் குரலிலேயே அதை எனக்குச் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு உங்கள் ஆச்சியின் சொல் இருக்கும், பள்ளி ஆசிரியை ஒருவரின் சொல் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். புத்தகத்துச் சொல் வேண்டாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மாலையில் பஸ் இறங்கி வந்து, கை கால் கழுவி, புறவாசல் படியில் ஐந்து நிமிடம். முதலில் உள்ளங்கால், மழை அல்லது சில்வண்டு கத்தும் சத்தம். அப்புறம் அன்றைக்குக் குத்திய சின்ன விஷயம் ஒன்று, மிகச் சின்னதாக. ‘இது வலிக்கிறது’ என்று பெயர் சொல்வேன். லயத்து வெளிச்சத்தை நினைப்பேன். நெஞ்சில் கையை வைத்து, அந்தச் சூட்டை உணர்ந்து, சேச்சியின் சொல். அவ்வளவுதான்.

தொடங்கிய முதல் வாரத்தில் அழுகை வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். காரணம் பின்னால் தெரிந்தது. எங்கள் ஸ்டோரில் காய் உலர்த்தும் விறகு உலை உண்டு. நெருப்பு உள்ளே புகைந்துகொண்டிருக்கும்போது கதவைச் சட்டென்று திறந்தால் காற்றுப் பட்டுத் தீ குபீரென்று வெளியே பாயும். அனுபவமுள்ளவர்கள் கதவைச் சிறிது சிறிதாகத்தான் திறப்பார்கள், தள்ளி நின்று. நெஃப்பும் அவருடன் சேர்ந்து இதற்கு ஒரு வகுப்பை உருவாக்கிய கிறிஸ்டோபர் ஜெர்மரும் இந்த நிலைக்கு ‘பேக்டிராஃப்ட்’ என்ற தீயணைப்பு வீரர்களின் சொல்லையே எடுத்து வைத்திருக்கிறார்கள். பல வருடம் மூடிக்கிடந்த நெஞ்சில் முதல்முறை கனிவு படும்போது பழைய வலி பாய்ந்து வருமாம். படித்ததும் எங்கள் உலைதான் கண்ணில் வந்தது. அப்படி வந்தால் கண்ணைத் திறந்து உள்ளங்காலுக்குத் திரும்ப வேண்டும். முடியவில்லையா, எழுந்து போய் அடுப்பில் ஏதாவது வையுங்கள். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று எழுந்துகொள்வதும் தன்பரிவுதான். சிறுவயதில் பெரிய காயம் பட்டவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல் ஓர் ஆலோசகரின் துணையோடு தொடங்குவது நல்லது.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “தன்னைத்தானே கண்டித்துக்கொள்ளாதவள் உருப்பட மாட்டாள்” என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, கணக்கில் அசட்டை வந்துவிடுமோ என்று. நடந்ததைச் சொல்கிறேன். மறு வருடம் இன்னொரு பிழை செய்தேன், ஈரப்பதக் கழிவை ஒருவருக்குக் கழிக்க மறந்துவிட்டேன். முந்தைய நானாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் எப்படிச் சரிக்கட்டுவது என்று இரவெல்லாம் புரண்டிருப்பேன். இந்த முறை அரை மணி நேரத்தில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கண்டிப்பு என்னைப் பிழையை மறைக்கத்தான் பழக்கியிருந்தது.

நெஃப்பும் ஜெர்மரும் உருவாக்கிய எட்டு வார வகுப்பை 2013-இல் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்தது, ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. ஆனால் ஐம்பது பேருக்குச் சற்றே மேற்பட்டவர்களிடம் செய்த சிறிய ஆய்வு, அதுவும் வகுப்பை உருவாக்கியவர்களே செய்தது. நான் அதை வாக்காக எடுத்துக்கொள்ளவில்லை, திசையாக எடுத்துக்கொண்டேன். எட்டு வார வகுப்புகள் இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டணத்தோடு. ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள், வாரம் ஒரு மாலையை ஒதுக்க முடிகிறவர்கள், ஆசிரியர் கேட்பார் என்றால்தான் வீட்டுப்பாடம் செய்கிறவர்கள், இவர்களுக்கு அதுவே சிறந்தது. எங்கள் ஸ்டோரில் வேலை செய்யும் பெண்களுக்கு அது எட்டாத தூரம்.

பத்து நாள் விபாசனா எட்டக்கூடியது. எஸ்.என்.கோயங்கா பரப்பிய அந்த முறையில் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை தருகிறார்கள். கேரளத்தில் செங்கன்னூர் அருகே செறியநாட்டிலும், தமிழ்நாட்டில் சென்னை அருகே திருமுடிவாக்கத்திலும் மையங்கள் உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகத் தியானம், பேச்சில்லை, போன் இல்லை, எழுத்தில்லை. இதில் தளராமல் உட்கார்ந்து தெளிந்து வந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் முதல் வழியாக அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போய்வரும் நாளோடு பன்னிரண்டு நாள் கூலி போகும், அதுவும் காய் எடுப்புச் சமயத்தில். அதைவிடப் பெரிய காரணம் வரிசை. அங்கே முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடலின் உணர்வுகளைப் பார்ப்பது. எல்லா உயிர்கள்மேலும் நல்லெண்ணம் பரப்பும் மைத்ரி தியானம் பத்தாம் நாளில்தான் வருகிறது. மனம் அமைதியான பிறகுதான் கனிவு உண்மையாகப் பாயும் என்பது அந்த மரபின் எண்ணம். தன்னைத் திட்டிக்கொள்கிறவருக்கு அந்தப் பத்தாம் நாள் மிகத் தொலைவு. நான்காம் நாள் தாங்காமல் எழுந்து வந்துவிட்டால் ‘இதுவும் என்னால் முடியவில்லை’ என்பதும் சேர்ந்துகொள்ளும். விண்ணப்பத்திலேயே உடல், மன நலம் பற்றிக் கேட்பார்கள். ஒளிக்காமல் எழுத வேண்டும்.

அந்த மத்தியானம் அவளிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “மூச்சைப் பார்க்கும்போது உனக்கு உள்ளே என்ன கேட்கிறது?” பாட்டும் பட்டியலும் கேட்கிறது என்றிருந்தால் என் தங்கையின் வழியே போதும் என்று சொல்லியிருப்பேன். அவள் வெகுநேரம் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “என்னால்தான் என் தங்கச்சி படிப்பு நின்றது என்று கேட்கிறது” என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை முதலில், அப்புறம் உள்ளங்காலும் ஐந்து நிமிடமும், ஆறு வாரம் பார்த்துவிட்டு டாக்டரா என்று யோசிப்போம், நடுவில் தாங்கவில்லை என்றால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். உனக்கு யார் சொல்லைக் கேட்டால் நெஞ்சு இளகும் என்று யோசித்துவைக்கச் சொன்னேன்.

ஆவணியில் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு சரியாக இருந்தது, ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். மலை இறங்கும் ஜீப்பில் கண்ணை மூடாமலேயே ஐந்து நிமிடம் செய்கிறாளாம், ஜீப்பின் தரை அதிர்வு உள்ளங்காலில் நன்றாகத் தெரியும் என்றாள். அவள் எடுத்துக்கொண்ட சொல் அவளுடைய அப்பத்தாவுடையது. சின்ன வயதில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வரும்போதெல்லாம் அப்பத்தா, “எழுந்திரு தங்கம், மண்ணைத் தட்டிவிடு” என்பாராம். செங்கன்னூரை மாசி மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறாள், காய் எடுப்பு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று.